பல்லுக்கு ஒரு குச்சி

தில்லியில் குளிர்காலம் வந்துவிட்டால் தெருவோரங்களில் புகை எழும். சர்க்கரைவள்ளிக் கிழங்கைக் கரி நெருப்பில் சுட்டு விற்பார்கள். சூடான கிழங்கின் தோலை உரிப்பார்கள். துண்டு போடுவார்கள். மேலே மசாலாப் பொடியைத் தூவி, எலுமிச்சம்பழம் பிழிவார்கள். இலைத் தொன்னையில் போட்டு, ஒரு மெல்லிய குச்சியையும் குத்திக் கொடுப்பார்கள். கரண்டி கிடையாது. அந்தக் குச்சியால் குத்தித்தான் சாப்பிட வேண்டும்.

சாப்பிட்டு முடித்த பிறகு பலர் என்ன செய்கிறார்கள்? அதே குச்சியால் பல்லைக் குத்துகிறார்கள். குச்சியில் எலுமிச்சையின் புளிப்பும் மசாலாவின் உறைப்பும் ஊறியிருக்கும். வாய்க்கு நன்றாகத்தான் இருக்கும்.

குச்சிக்கு ருசி ஏறுவது இப்படித் தற்செயலாக மட்டும் நடப்பதில்லை. ருசி ஏற்றியே விற்கும் குச்சிகளும் உண்டு. புதினா ருசியில் ஒன்று. இலவங்கப்பட்டை ருசியில் ஒன்று. கிராம்பு ருசியில் இன்னொன்று. சில உணவு விடுதிகளில் சோம்பும் கற்கண்டும் வைக்கும் தட்டிலேயே, காகித உறையில் போட்ட குச்சியும் இருக்கும். உறையைக் கிழித்தால் புதினா வாசனை வரும்.

இந்த ருசி எதற்கு? இதனால் பல்லுக்கு நன்மையா? கெடுதல் ஏதும் உண்டா? பார்ப்போம்.

குச்சி எப்படித் தயாராகிறது?

பல் குத்தும் குச்சியைப் பெரும்பாலும் இரண்டு பொருள்களில் செய்கிறார்கள். ஒன்று மூங்கில். மற்றொன்று பிர்ச் என்னும் மரம். பிர்ச் குளிர் நாடுகளில் வளரும் மரம். அதன் இனத்தைச் சேர்ந்த மரம் நம் இமயமலையிலும் உண்டு. முற்காலத்தில் காஷ்மீரில் அந்த மரத்தின் பட்டையில்தான் நூல்களை எழுதினார்கள். நாம் பனையோலையில் எழுதியதைப் போல.

முன்பெல்லாம் குச்சியைக் கையால் சீவினார்கள். அமெரிக்காவில் சார்லஸ் ஃபார்ஸ்டர் என்ற வியாபாரி இருந்தார். பிரேசில் நாட்டில் மக்கள் கையால் சீவிய குச்சிகளை அவர் பார்த்தார். இதை இயந்திரத்தில் செய்தால் என்ன என்று நினைத்தார். 1860-களில் அந்த வேலையைத் தொடங்கினார். மெய்ன் என்ற மாநிலத்தில் ஆலை வைத்தார். அங்கே ஸ்ட்ராங் என்று ஒரு சிற்றூர். பல் குத்தும் குச்சிக்கே அந்த ஊர் பெயர் பெற்றுவிட்டது.

ருசி ஏற்றுவது பெரிய வித்தை அல்ல. புதினா, பட்டை, கிராம்பு ஆகியவற்றிலிருந்து எடுத்த எண்ணெயில் குச்சியை ஊற வைப்பார்கள். பிறகு உலர்த்துவார்கள். மரம் எண்ணெயை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். வாயில் எச்சில் பட்டதும் ருசி மெல்ல வெளியே வரும். சில குச்சிகளில் இனிப்பும் சேர்க்கிறார்கள்.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கச் சிலருக்கு ஆசை வரும். வேண்டாம். கடையில் விற்கும் பட்டை எண்ணெயும் கிராம்பு எண்ணெயும் மிகவும் காட்டமானவை. அளவு தெரியாமல் ஊற வைத்தால் உதடும் நாக்கும் வெந்துவிடும்.

இயற்கையே ருசி ஏற்றிய குச்சி

ருசியுள்ள குச்சி வெளிநாட்டிலிருந்து வந்த புதுமை என்று நினைக்கலாம். அப்படி இல்லை. காலையில் பழைய தில்லியின் சந்தைகளில் நடந்து பாருங்கள். கட்டுக் கட்டாகப் பச்சைக் குச்சிகளை அடுக்கி வைத்துக்கொண்டு நடைபாதையில் உட்கார்ந்திருப்பார்கள். இந்தியில் அதற்குத் 'தாதுன்' என்று பெயர். நம் ஊரில் பல்குச்சி என்போம். வேப்பங்குச்சியும் கருவேலங்குச்சியும்தான் அதிகம். கருவேலத்தை அங்கே 'கீக்கர்' என்கிறார்கள்.

வேம்பு கசக்கும். கருவேல் துவர்க்கும். கடையில் எண்ணெய் வாங்கி ஏற்ற வேண்டிய ருசியை மரமே வைத்திருக்கிறது.

ஜும்மா மசூதியைச் சுற்றியுள்ள கடைகளில் இன்னொரு குச்சி கிடைக்கும். அதற்கு 'மிஸ்வாக்' என்று பெயர். நோன்பு மாதத்தில் இதன் விற்பனை கூடும். இது பீலு என்னும் மரத்தின் வேர். தமிழில் அந்த மரத்தை உகாய் என்பார்கள். வறண்ட நிலத்தில் வளரும். இதன் ருசியில் லேசான காரம் இருக்கும்.

நம் நாட்டுப் பழைய மருத்துவர்கள் இந்த ருசிகளைக் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். சுசுருதர் என்பவர் பழங்கால மருத்துவர். அவர் பெயரில் உள்ள நூலில் பல்குச்சியைப் பற்றி விரிவாகச் சொல்லியிருக்கிறது. குச்சி பன்னிரண்டு விரற்கடை நீளம் இருக்க வேண்டும். சுண்டுவிரல் பருமன் போதும். கசப்புக் குச்சிகளில் வேம்பு சிறந்தது. துவர்ப்பில் கருங்காலி சிறந்தது. வெற்றிலையோடு போடும் காசுக்கட்டியை இந்த மரத்திலிருந்துதான் எடுக்கிறார்கள். இனிப்பில் இலுப்பை. காரத்தில் புங்கு. இப்படி ஒவ்வொரு ருசிக்கும் ஒரு மரம்.

ஆலும் வேலும் பல்லுக்கு நல்லது என்று நம் பழமொழியும் சொல்கிறது அல்லவா? அங்கே வேல் என்பது கருவேல்தான். கோயில் வேல் அல்ல.

இட்சிங் என்ற சீனத் துறவி ஏழாம் நூற்றாண்டில் கடல் வழியாக நம் நாட்டுக்கு வந்தார். நாலந்தாவில் சுமார் பத்து ஆண்டுகள் தங்கிப் படித்தார். துறவிகள் தினமும் காலையில் குச்சியை மென்று பல் துலக்குவதை எழுதி வைத்தார். குச்சியைப் பிளந்து நாக்கை வழிப்பதையும் எழுதினார். அதனால்தான் இங்கே பல்வலி குறைவு என்றும் சொன்னார். அவர் காலத்தில் சாந்தினி சௌக்கில் ஜிலேபிக் கடை இல்லை என்பதையும் நாம் நினைவில் வைக்க வேண்டும்.

புதுதில்லி நகரத்தைக் கட்டியபோது சாலை ஓரங்களில் வரிசையாக மரங்களை நட்டார்கள். சில சாலைகளில் நாவல். சில சாலைகளில் மருது. பல சாலைகளில் வேம்பு. லோதி சாலையில் போனால் வேப்ப மரங்களைப் பார்க்கலாம். ஆனால் கண்ட மரத்திலும் ஏறிக் கிளையை முறிக்கக் கூடாது. தில்லியில் மரங்களைப் பாதுகாக்க 1994-இல் ஒரு சட்டம் வந்தது. அனுமதி இல்லாமல் மரத்தை வெட்டினால் தண்டனை உண்டு. பல்லுக்குக் குச்சி வேண்டும் என்று ஆளுக்கு ஒரு கொம்பை ஒடித்தால், இத்தனை பெரிய நகரத்தில் எந்த மரம் தாங்கும்?

பல்குச்சியைப் பயன்படுத்தவும் முறை இருக்கிறது. பச்சையாக, ஈரமாக இருக்கும் குச்சியை வாங்குங்கள். நல்ல தண்ணீரில் கழுவுங்கள். ஒரு முனையை நன்றாக மெல்லுங்கள். நார் பிரிந்து பிரஷ் போல ஆகும். பட்டைத் துணுக்குகளைத் துப்பிவிடுங்கள். பிறகு ஈறிலிருந்து பல்லின் நுனியை நோக்கி மெதுவாகத் தேயுங்கள். குறுக்கே அழுத்தித் தேய்த்தால் ஈறு கீழே இறங்கும். பல்லின் மேல்பூச்சும் தேயும். தேய்த்த முனையை நறுக்கி எறிந்துவிடுங்கள்.

குச்சியால் பல் துலக்கும் வழக்கம் உள்ள இடங்களில் அதைத் தொடரலாம் என்று உலக சுகாதார அமைப்பு 1986-இல் சொன்னது. ஆனால் பல் மருத்துவர்கள் இன்று ஃபுளோரைடு கலந்த பற்பசையைச் சிபாரிசு செய்கிறார்கள். ஃபுளோரைடு பல்லின் மேல்பூச்சை உறுதியாக்கும். சொத்தையைத் தடுக்கும். வேப்பங்குச்சியால் இந்த வேலையைச் செய்ய முடியாது. காலையில் குச்சி, இரவு படுக்கும் முன் பற்பசை என்று வைத்துக்கொண்டாலும் நல்லதுதான். இரவில் துலக்குவதைத்தான் நம்மில் பலர் விட்டுவிடுகிறோம்.

ருசி என்ன செய்கிறது?

இப்போது கடைக் குச்சிக்குத் திரும்புவோம்.

புதினா வாயைக் குளிர வைப்பது போலத் தெரியும். உண்மையில் வாய் குளிர்வதில்லை. புதினாவில் உள்ள மென்தால் என்ற பொருள், குளிர்ச்சியை உணரும் நரம்பைத் தூண்டிவிடுகிறது. அதனால் வாய் சுத்தமாகிவிட்டது போலத் தோன்றும். கெட்ட வாடையும் சற்று நேரம் மறையும். ஆனால் பல்லின் மேல் படிந்த அழுக்கு அப்படியே இருக்கும்.

கிராம்பின் கதை வேறு. கிராம்பு எண்ணெயில் யூஜினால் என்ற பொருள் இருக்கிறது. அது நரம்பை மரத்துப்போகச் செய்யும். பல்வலிக்குக் கிராம்பை வைத்துக் கடிக்கும் வைத்தியம் இப்படித்தான் வேலை செய்கிறது. பல் மருத்துவர்களும் இந்தப் பொருளைப் பயன்படுத்துகிறார்கள். இதில் பொய் இல்லை. ஆனால் வலி குறைந்தால் நோய் போய்விட்டது என்று அர்த்தமா? சொத்தை உள்ளே தோண்டிக்கொண்டே போகும். நமக்குத் தெரியாது. தெரியும்போது பல்லைப் பிடுங்கும் நிலை வந்திருக்கும்.

இலவங்கப்பட்டை ருசி சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. வாயின் உள்பக்கம் எரியும். சிவக்கும். சிலருக்குத் தோல் உரியும். அப்படி இருந்தால் அந்தக் குச்சியை விட்டுவிடுங்கள்.

இனி, மிகவும் முக்கியமான ஒரு ருசி. அது புகையிலை. முன்பு நம் நாட்டில் புகையிலை கலந்த பல்பொடியும் பற்பசையும் விற்றார்கள். பல்லுக்கு நல்லது என்று சொல்லியே விற்றார்கள். பல ஊர்களில் பெண்கள் அதைப் பல் துலக்கப் பயன்படுத்தினார்கள். தலை கிறுகிறுக்கும். மறுபடி வேண்டும் போல இருக்கும். ஒரு வேளை துலக்கியவர்கள் மூன்று வேளை, நான்கு வேளை என்று துலக்கினார்கள். அது பல்லைத் துலக்கும் ஆசையா? இல்லை. போதை. 1992-இல் மத்திய அரசு இவற்றைத் தயாரிக்கவும் விற்கவும் தடை விதித்தது. தயாரித்தவர்கள் தரப்பு நீதிமன்றம் போனது. அந்தத் தடை செல்லும் என்று தில்லியில் உள்ள உச்ச நீதிமன்றம் 1997-இல் தீர்ப்பளித்தது. குட்காவுக்கு 2012-இல் தில்லியில் தடை வந்தது. 2013-இல் தமிழ்நாட்டிலும் வந்தது.

தடை வந்தாலும் பொருள் வேறு உருவத்தில் வரும். புகையிலையில் உள்ள நஞ்சுக்கு நிகோட்டின் என்று பெயர். வெளிநாடுகளில் நிகோட்டினில் தோய்த்த பல்குச்சிகளையே விற்கிறார்கள். பழ ருசியும் புதினா ருசியும் சேர்த்து விற்கிறார்கள். பார்த்தால் சாதாரணக் குச்சி. பள்ளிப் பிள்ளை வாயில் வைத்திருந்தாலும் யாருக்கும் சந்தேகம் வராது. எனவே புதிய குச்சி எதையாவது கடையில் பார்த்தால் உறையில் எழுதியிருப்பதைப் படியுங்கள். 'நிகோட்டின்', 'புகையிலை' என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். எழுத்து ஆங்கிலத்தில் இருந்தால், தெரிந்தவரிடம் கேளுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம்.

குத்துவதில் உள்ள ஆபத்து

சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்று பழமொழி இருக்கிறது. யாரையும் அற்பமாக நினைக்கக் கூடாது என்பது அதன் பொருள். கையில் கிடைத்த துரும்பையெல்லாம் வாயில் வைக்கலாம் என்று அதற்குப் பொருள் அல்ல. ஆனால் நாம் அப்படித்தான் செய்கிறோம். தீக்குச்சி, குண்டூசி, ஊக்கு, விளக்குமாற்றுக் குச்சி, பஸ் டிக்கெட்டின் மூலை என்று எதையும் விடுவதில்லை. ஊக்கு ஈறைக் கிழிக்கும். கிழிந்த இடத்தில் கிருமி புகுந்து சீழ் பிடிக்கும்.

இரண்டு பற்களுக்கு நடுவே ஈறு ஒரு சிறு முக்கோணம் போல நிமிர்ந்து நிற்கும். இடைவெளியை அடைப்பதுதான் அதன் வேலை. தினமும் குச்சியை அங்கே திணித்தால் அந்த முக்கோணம் அமுங்கும். பிறகு இடைவெளி பெரிதாகும். உணவு முன்னைவிட அதிகமாகச் சிக்கும். அதை எடுக்க மறுபடி குச்சி தேவைப்படும். குச்சி இல்லாமல் இருக்க முடியாது என்று சிலர் சொல்வது இதனால்தான்.

முதலில் வாய் நிறையத் தண்ணீர் எடுத்துக் கொப்பளியுங்கள். பாதி போய்விடும். பிறகும் இருந்தால் பிரஷ்ஷால் மெதுவாகத் தள்ளுங்கள். பல்லிடுக்கைச் சுத்தம் செய்வதற்கென்றே மெல்லிய நூலும் சிறிய பிரஷ்ஷும் மருந்துக் கடையில் கிடைக்கும். குச்சிதான் வேண்டும் என்றால், சுத்தமான மரக்குச்சியை எடுங்கள். ஈறைக் குத்தாமல் பல்லின் பக்கமாக வைத்துத் தள்ளுங்கள். ஒருவர் பயன்படுத்திய குச்சியை இன்னொருவர் தொடக் கூடாது. டப்பாவில் திறந்து வைத்த குச்சிகளைப் பல பேர் கைவிட்டு எடுப்பார்கள். அதைவிட உறையில் போட்டது மேல்.

ருசியுள்ள குச்சியில் இன்னொரு தொல்லை உண்டு. பல் குத்தி முடிந்த பிறகும் அதைக் கீழே போட மனம் வராது. வாயிலேயே வைத்துச் சவைத்துக்கொண்டு நடப்போம். பேருந்தில் ஏறுவோம். சிலர் அப்படியே தூங்கியும் விடுவார்கள். அதுதான் ஆபத்து. ஷெர்வுட் ஆண்டர்சன் என்பவர் புகழ் பெற்ற அமெரிக்க எழுத்தாளர். 1941-இல் கப்பலில் போனபோது அவருக்குக் கடும் வயிற்றுவலி வந்தது. பனாமா நாட்டில் இறங்கினார். அங்கேயே இறந்தார். பிறகு உடலைச் சோதித்தபோது காரணம் தெரிந்தது. உணவோடு சேர்த்துப் பல் குத்தும் குச்சி ஒன்றை விழுங்கியிருக்கிறார். அது குடலைத் துளைத்துவிட்டது.

நம் பீடாக் கடையிலும் இந்த ஆபத்து இருக்கிறது. வெற்றிலையை மடித்து, பிரியாமல் இருக்க ஒரு கிராம்பைக் குத்திக் கொடுப்பது பழைய வழக்கம். அந்தக் கிராம்பையும் சேர்த்து மென்றுவிடலாம். வாயும் மணக்கும். அந்தக் காலத்தின் ருசிக் குச்சி அதுதான். இன்று பல கடைகளில் கிராம்புக்குப் பதிலாக மரக்குச்சியைக் குத்துகிறார்கள். பேச்சு மும்முரத்தில் அப்படியே வாயில் போட்டுக்கொள்பவர்கள் உண்டு. குச்சியை எடுத்த பிறகுதான் பீடாவை வாயில் போட வேண்டும்.

தென் கொரியாவில் மாவுப் பொருளால் செய்த பச்சை நிறக் குச்சிகள் இருக்கின்றன. குப்பையில் சீக்கிரம் மக்கிப் போகும் என்பதற்காக அப்படிச் செய்தார்கள். 2024-இல் அங்கே சிலர் அவற்றை எண்ணெயில் பொரித்துத் தின்று படம் எடுத்துக் காட்டினார்கள். அது உணவு அல்ல, தின்னாதீர்கள் என்று அந்த நாட்டு அரசு எச்சரிக்க வேண்டியதாயிற்று. ருசியைக் கண்டால் வாய் சும்மா இருக்காது. சிறு பிள்ளைகளுக்குச் சொல்லவே வேண்டாம். ருசியுள்ள குச்சி அவர்களுக்கு மிட்டாய் போலத்தான். கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

எப்போதாவது மாம்பழ நாரோ கறித் துண்டோ சிக்கினால் கவலை இல்லை. ஆனால் தினமும் ஒரே இடத்தில் சிக்குகிறதா? அப்படியானால் அங்கே ஏதோ கோளாறு இருக்கிறது. சொத்தைக் குழி விழுந்திருக்கலாம். பழைய அடைப்பு உடைந்திருக்கலாம். ஈறு நோய் வந்து பல் விலகியிருக்கலாம். குத்தும்போது ரத்தம் வந்தாலும் காட்ட வேண்டும். வாயில் புண் வந்து இரண்டு வாரம் ஆகியும் ஆறவில்லையா? வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு தெரிகிறதா? வாயை முன்போல அகலமாகத் திறக்க முடியவில்லையா? உடனே போக வேண்டும். பாக்கும் புகையிலையும் போடுபவர்கள் ஒரு நாள்கூடத் தள்ளிப் போடக் கூடாது. வாய்ப் புற்றுநோய் ஆரம்பத்தில் வலிக்காது. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் குணமாக்க வழி உண்டு.

தில்லியில் இருப்பவர்கள், தில்லி கேட் அருகே உள்ள மௌலானா ஆசாத் பல் மருத்துவ நிறுவனத்துக்குப் போகலாம். அது அரசு மருத்துவமனை. சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மற்ற ஊர்களில் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் பல் பிரிவு எங்கே என்று கேளுங்கள். எந்த இடுக்கில் சிக்குகிறது, எத்தனை நாளாக, குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசுகிறதா என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். கிராம்பு எண்ணெய் வைத்திருந்தால் அதையும் சொல்லுங்கள். பாக்கு, புகையிலைப் பழக்கம் இருந்தால் மறைக்காதீர்கள். போகும் முன் வலியை மறைக்க எதையும் தடவிக்கொண்டு போக வேண்டாம். எங்கே வலிக்கிறது என்று அவர் தட்டிப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பார்.